ஏழு படி ஏறினால் கால் மாறும்: ரஷ் ரசிகர்களும் ஒற்றைப்படைத் தாளமும்

2002 நவம்பர் 23, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். கனடாவிலிருந்து வந்த ‘ரஷ்’ என்ற மூன்று பேர் குழு மேடையில் நிற்கிறது. எதிரே சுமார் 40,000 பேர். குழு ‘ஒய் ஒய் ஸெட்’ என்ற உருப்படியைத் தொடங்குகிறது. அதில் பாட்டு வரி ஒன்றுகூடக் கிடையாது, வெறும் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ். ஆனாலும் கூட்டம் குதித்துக்கொண்டே கிட்டாரின் மெட்டைத் தொண்டை கிழியப் பாடுகிறது. மறு ஆண்டு வெளிவந்த ‘ரஷ் இன் ரியோ’ பதிவில் இதை இன்றும் கேட்கலாம். வரி இல்லாத பாட்டை ஒரு மைதானமே சேர்ந்து பாடுவதை முதலில் கேட்டபோது, ஒலிநாடாவில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

இந்தக் குழுவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பாதிப் பேர் சொல்வது, “அது கணக்கு வாத்தியார் பாட்டு.” மீதிப் பேர், அதாவது ரசிகர்கள், “அதெல்லாம் ஒற்றைப்படைத் தாளம், உனக்குப் புரியாது” என்று பெருமையடித்துக்கொள்வார்கள். என் பார்வையில் இரண்டு தரப்பும் தவறு. ஒற்றைப்படைத் தாளம் புரியாத வித்தையும் இல்லை, கணக்கும் இல்லை. மாடிப்படி ஏறத் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

## முதலில், ப்ராக் என்றால் என்ன

புரோக்ரெசிவ் ராக் என்பதன் செல்லச் சுருக்கம் ப்ராக். 1960-களின் கடைசியில், பெரும்பாலும் இங்கிலாந்தில் கிளம்பிய போக்கு இது. ராக் குழுவின் கருவிகளை வைத்துக்கொண்டு, மூன்று நிமிடப் பாட்டு என்ற சட்டகத்தை மட்டும் உதறிவிட்டார்கள். மேற்கத்தியச் செவ்விசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் கேட்டு வாங்கினார்கள். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல் எல்லாம் அந்தக் குடும்பம்.

ரஷ் இந்தக் குடும்பத்தின் கனடாக் கிளை. 1968-ல் டொராண்டோவில் தொடங்கியது. பேஸ் வாசித்துப் பாடுபவர் கெடி லீ, கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன். 1974-ல் டிரம்ஸுக்கு வந்த நீல் பீர்ட்தான் பாட்டு வரிகளையும் எழுதினார். (பெர்ட் என்று சொன்னால் ரசிகர்கள் திருத்துவார்கள், எச்சரிக்கை.) 1975-ல் வந்த ஒரு தொகுப்பு சரியாக விற்கவில்லை. சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்றது இசைத்தட்டு நிறுவனம். அவர்களோ 1976-ல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் 20 நிமிடப் பாட்டோடு ‘2112’ என்ற தொகுப்பைப் போட்டார்கள். அது ஓடியது. அதன் பிறகு யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை.

## நான்கின் சுகம்

எந்தப் பாட்டையும் கேட்கும்போது கால் தானாகத் தரையைத் தட்டுகிறதே, அந்த ஒவ்வொரு தட்டும் ஓர் அடி. எல்லா அடிகளும் ஒரே கனத்தில் விழுவதில்லை. சில அடிகள் பலமாக விழும், அதை அழுத்தம் என்போம். ஒரு பெரிய அழுத்தத்திலிருந்து அடுத்த பெரிய அழுத்தம் வரை உள்ள அடிகளின் கூட்டம் ஒரு சுற்று. நம் தாளத்தில் ஆவர்த்தனம் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட இணை. தாளமானம் என்பது ஒரு சுற்றில் எத்தனை அடி என்று சொல்லும் குறியீடு. 4/4, 7/8 என்று எழுதுவார்கள். மேலே உள்ள எண்தான் அடிகளின் எண்ணிக்கை. கீழே உள்ள எண் எழுதிப் படிப்பவர்களுக்கானது, இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம்.

ராக், பாப் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை நான்கில் ஓடுகின்றன. நமக்கு இரண்டு கால். நான்கை இரண்டு கால் மீதம் வைக்காமல் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் அதே காலில் வந்து விழும். உடம்பு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது சுற்று முடிவதற்குள் தலை ஆடத் தொடங்கிவிடும்.

## மாடிப்படியில் ஒரு பரிசோதனை

ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் எட்டுப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலை முதல் படியில் வைத்துத் தொடங்குகிறீர்கள். எட்டாவது படியில் இடது கால். அடுத்த தளத்தின் முதல் படியில் மறுபடி வலது கால். பத்து மாடி ஏறினாலும் இது மாறாது.

இப்போது ஒரு படியைக் குறையுங்கள், தளத்துக்கு ஏழு படி. முதல் படியில் வலது கால், ஏழாவது படியிலும் வலது கால். ஆக, அடுத்த தளத்தின் முதல் படியில் இடது கால் விழும். அதற்கடுத்த தளத்தில் மறுபடி வலது. ஒவ்வொரு தளத்திலும் கால் மாறிக்கொண்டே போகும், இரண்டு தளம் ஏறினால்தான் பழைய நிலைக்கு வரலாம்.

ஒற்றைப்படைத் தாளம் உடம்புக்குச் செய்வது இதைத்தான். சுற்றின் முதல் அடி ஒருமுறை வலது காலிலும் மறுமுறை இடது காலிலும் விழுகிறது. நான்குக்குப் பழகிய உடம்பு எட்டாவது படி இருக்கும் என்று நம்பிக் காலைத் தூக்குகிறது, படி இல்லை. இருட்டில் கடைசிப் படியைத் தப்பாகக் கணித்து வயிற்றுக்குள் ‘திக்’ என்றதுண்டா? அந்தத் ‘திக்’கைத் திட்டமிட்டு, இனிமையாக, மறுபடி மறுபடி தருவதுதான் இந்தத் தாளத்தின் வேலை.

ஏழு என்பது எட்டில் ஒன்று வெட்டப்பட்டது போலக் கேட்கும். அடுத்த சுற்று முந்திக்கொண்டு வந்து கதவைத் தட்டும். ஐந்து என்பது நான்கில் ஒன்று ஒட்டப்பட்டது போல இருக்கும். கிளம்பியவர் வாசலில் நின்று இன்னும் ஒரு வார்த்தை பேசுகிற மாதிரி. ஒன்று அவசரம், மற்றது தயக்கம். வேகம் கூடவோ குறையவோ இல்லை என்பதைக் கவனியுங்கள். அடிகளுக்கு இடையே உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. சுற்றின் நீளம் மட்டுமே மாறியிருக்கிறது.

இதுவரை பார்த்தது: அடிகள் சேர்ந்து சுற்று. சுற்றில் அடிகள் ஒற்றைப்படையாக இருந்தால் முதல் அழுத்தம் கால் மாற்றி விழும். அதிலிருந்துதான் அந்தத் தடுக்கல் உணர்வு.

## யாரும் ஏழு வரை எண்ணுவதில்லை

இங்கேதான் பெரிய தவறான புரிதல் இருக்கிறது. ப்ராக் ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு கேட்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அநேகர். எண்ணினால் பாட்டை ரசிக்க முடியாது. எண்ணுவது பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுப்பது மாதிரியான வேலை.

காது பிடிப்பது எண்ணை அல்ல, கூட்டத்தை. நம் சொற்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தகிட தகதிமி’ என்றால் மூன்றும் நான்கும் ஏழு. மிஸ்ர சாபு தாளத்தின் நடை அது. ‘தக தகிட’ என்றால் இரண்டும் மூன்றும் ஐந்து, கண்ட சாபு. சொல்லும்போது யாராவது ஏழு எண்ணினார்களா? ஒரு சின்னக் கூட்டம், ஒரு பெரிய கூட்டம், அவ்வளவுதான். எவ்வளவு பெரிய ஒற்றைப்படைச் சுற்றாக இருந்தாலும் இரண்டு, மூன்று அடிக் கூட்டங்களாக உடைத்துவிடலாம். உடைத்த பின் அது ஒரு வாக்கியம் மாதிரி மனதில் தங்கும்.

பல்கேரியாவில் ‘ராச்செனிட்சா’ என்று ஒரு நாட்டுப்புற ஆட்டம் இருக்கிறது. இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழில் ஓடும். கல்யாண வீட்டில் ஆடுவார்கள். அந்த ஊர்ப் பாட்டிகளிடம் போய் இது கடினமான தாளமானம் என்று சொல்லிப் பாருங்கள்!

ராக்கிலும் இதற்கு எளிய வாசல்கள் உண்டு. பிங்க் ஃபிளாய்டு என்ற குழு 1973-ல் வெளியிட்ட ‘மணி’ பாட்டு காசுச் சத்தத்தில் தொடங்கும். நாணயங்கள் விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு ஒலிகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி வளையமாகச் சுழலவிட்டார்கள். அந்த வளையமே பாட்டின் தாளம், ஆகவே பாட்டு ஏழில் ஓடுகிறது. கோடிக்கணக்கானவர்கள் ஏழு என்று தெரியாமலே அதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள். டேவிட் கில்மோரின் கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது பாட்டு நான்குக்கு மாறுகிறது. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வண்டி சமதளத்துக்கு வந்தது போல ஒரு விடுதலை. ஏழில் இருந்ததால்தான் அந்த நான்கு அவ்வளவு இனிக்கிறது. இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ரஷ்ஷிடம் மறுபடி வரும்.

## விமான நிலையம் வாசித்த தாளம்

டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியெழுத்து ஒய் ஒய் ஸெட். விமானிகள் வழி தெரிந்துகொள்வதற்காகத் தரையில் இருக்கும் வானொலி நிலையம் தன் பெயரை மோர்ஸ் குறியீட்டில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். மோர்ஸ் என்பது எழுத்துகளை நீண்ட ஒலி, குறுகிய ஒலி இரண்டால் மட்டுமே எழுதும் பழைய தந்தி முறை. விமானத்தில் ஊர் திரும்பும்போது இந்தச் சத்தம் ரஷ் குழுவினரின் காதில் விழுந்தது. விழுந்தது போகவில்லை.

அந்தச் சத்தம் என்ன? ஒய் எழுத்துக்கு நீளம், குறுக்கம், நீளம், நீளம். ஸெட் எழுத்துக்கு நீளம், நீளம், குறுக்கம், குறுக்கம்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ரஷ் செய்ததும் அதே கணக்குதான். நீண்ட ஒலிக்கு இரண்டு பங்கு காலம், குறுகியதற்கு ஒரு பங்கு. (உண்மையான தந்தி மோர்ஸில் நீளம் என்பது குறுக்கத்தின் மூன்று மடங்கு. இசைக்காகச் சுருக்கிக்கொண்டார்கள்.) சொல்லிப் பாருங்கள்:

தா த தா தா
தா த தா தா
தா தா த த

முதல் வரி இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு. ஆக ஏழு மாத்திரை. இரண்டாம் வரியும் ஏழு. மூன்றாம் வரி ஆறு. மொத்தம் இருபது. இருபதை நான்கு நான்காகக் கட்டினால் ஐந்து அடி. கால் ஒரே சீராக ஐந்து தட்டுகிறது, மேலே ஒலிப்பதோ ஏழு, ஏழு, ஆறு. இரண்டும் வேறு வேறு இடத்தில் வெட்டிக்கொண்டு ஓடி, ஐந்தாவது அடி முடிந்ததும் ஒரே வாசலில் வந்து சேர்கின்றன. ஒய் ஒய் ஸெட் என்ற உருப்படியின் தொடக்கம் இதுதான். முதலில் மணி போல ஒலிக்கும் சின்ன உலோகத் தட்டுகளில் பீர்ட் தனியாகத் தட்டுகிறார். பிறகு கிட்டாரும் பேஸும் இரண்டே சுரங்களை வைத்துக்கொண்டு அதையே வாசிக்கின்றன. அந்த இரண்டு சுரங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஷட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தூரம். சமாதானமே ஆகாத தூரம் அது.

மிருதங்கம் படித்த என் நண்பன் ஒருவனுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். தொடையில் தட்டிக்கொண்டே இருந்தவன், “அஞ்சுடா இது, ஆனா நேரா போகலையே” என்றான். சரியாகச் சொன்னான்.

அந்தத் தொடக்கம் முடிந்ததும் உருப்படி நான்குக்கு இறங்குகிறது, பெரும்பகுதி நான்கில்தான் ஓடுகிறது. மரக்கானா மைதானம் குதித்துப் பாடியது இந்த இறக்கத்துக்குப் பிறகு. ஐந்தில் தடுக்கித் தடுக்கி வந்த உடம்புக்கு நான்கு கிடைத்ததும் கால் தரையில் நிற்கவில்லை. பிங்க் ஃபிளாய்டின் அதே தந்திரம், இங்கே சொல்லே இல்லாமல்.

சுருக்கமாக: எண் முக்கியமல்ல, எண்ணுக்குள் இருக்கும் குறில் நெடில் முக்கியம். தடுக்கல் இருப்பதே பிறகு வரும் சமதளத்துக்குச் சுவை கூட்டத்தான்.

## பெயரில் உள்ள குழப்பங்கள்

ஆங்கிலத்தில் ஒற்றைப்படைக்கும் விநோதத்துக்கும் ஒரே சொல். அதனால் அங்கே இந்தத் தாளங்களுக்குப் பெயரிலேயே ஒரு கிறுக்குத்தனம் ஒட்டிக்கொண்டது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை, ஒற்றைப்படை என்றால் எண் மட்டும்தான். இன்னொன்று, மூன்றும் ஒற்றைப்படைதான். ஆனால் மூன்றில் ஓடும் வால்ட்ஸ் நடனத்தை யாரும் விநோதம் என்பதில்லை, நூற்றாண்டுகளாகப் பழகிவிட்டது. ஆகவே விநோதம் தாளத்தில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது.

தாளம் சிக்கலாக இருந்தால் பாட்டு உயர்ந்தது என்ற நம்பிக்கையும் தவறு. ஏழில் அமைந்த சலிப்பூட்டும் பாட்டுகள் எத்தனையோ உண்டு. ப்ராக் மீது வைக்கப்படும் வீண் ஜம்பக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலும் இல்லை. சில குழுக்கள் தாளத்தை மாற்றுவதற்காகவே மாற்றின. கேட்டால் தேர்வு எழுதுவது மாதிரி இருக்கும். ரஷ்ஷின் ஆரம்பகாலத் தொகுப்புகளிலும் அப்படிச் சில இடங்கள் உண்டு. ரசிகர்கள் என்மேல் கோபப்படட்டும்.

## காற்றில் டிரம்ஸ் வாசிப்பவர்கள்

இப்போது ரசிகர்களிடம் வருவோம். ரஷ் கச்சேரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் பாதிப் பேர் கையில் கோல் இல்லாமலே காற்றில் டிரம்ஸ் அடிப்பார்கள். 1981-ல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பின் முதல் பாட்டு ‘டாம் சாயர்’. அதன் நடுவே கருவிகள் மட்டும் ஏழில் ஓடும் பகுதி ஒன்று, அதன் முடிவில் பீர்ட்டின் டிரம்ஸ் உருட்டல். அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் காற்றை அடிக்கும்.

நான்கில் ஓடும் பாட்டுக்குக் கை தட்டுவது யாருக்கும் எளிது. புதிதாக வந்தவரும் இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொள்வார். ஏழில் ஓடும் இடத்தில் அப்படிச் சேர முடியாது, முன்பே பலமுறை கேட்டிருக்க வேண்டும். இருபது முறை தனியாக அறையில் உட்கார்ந்து கேட்டவருக்குத்தான் எந்தப் படியில் கால் மாறும் என்று தெரியும். ஆகவே பக்கத்து இருக்கையில் இருக்கும் முன்பின் தெரியாதவர் அதே நொடியில் கையை இறக்கும்போது, அவரும் அதே இருபது முறை தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று புரிகிறது. பெயர்கூடக் கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தனிமை இந்தக் குழுவுக்கு அந்நியமானதும் அல்ல. கெடி லீயின் பெற்றோர் நாஜி முகாம்களில் தப்பிப் பிழைத்த போலந்து யூதர்கள். லைஃப்சனின் பெற்றோர் செர்பியாவிலிருந்து வந்தவர்கள். இருவரும் டொராண்டோவின் புறநகரில் வளர்ந்த குடியேறிகளின் பிள்ளைகள். 1982-ல் வந்த ‘சப்டிவிஷன்ஸ்’ பாட்டு, வரிசை வீடுகள் நிறைந்த புறநகரில் கூட்டத்தோடு ஒட்டாத பையனைப் பற்றியது. அதுவும் ஏழில்தான் தொடங்குகிறது, எல்லாரோடும் கால் சேராதவனுக்கு வேறெந்தத் தாளம் பொருந்தும்! அதன் காணொளியில் சில காட்சிகளை டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எடுத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ஈழத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் குடியேறியதும் அதே ஸ்கார்பரோதான்.

ரியோ இரவின் உச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1997 ஆகஸ்டில் பீர்ட்டின் ஒரே மகள் கார் விபத்தில் இறந்தார். பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போனார். மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுமார் 88,000 கிலோமீட்டர் சுற்றினார். குழு முடிந்துவிட்டது என்றே ரசிகர்கள் நினைத்தார்கள். 2002-ல்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் கடைசி இரவுதான் மரக்கானா. பிரேசிலுக்கு அவர்கள் வந்தது அதுவே முதல் முறை. அங்கே ‘மெக்கைவர்’ தொலைக்காட்சித் தொடருக்கு டாம் சாயரைத்தான் முகப்பு இசையாகப் போட்டிருந்தார்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் அது அத்துப்படி. அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் சேர்ந்து, வரியே இல்லாத பாட்டில் வெடித்தது.

ரஷ்ஷின் மூவரும் சேர்ந்து கடைசியாக வாசித்தது 2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸில். 2020 ஜனவரி 7 அன்று பீர்ட் மூளைப் புற்றுநோயால் இறந்தார். 2025 அக்டோபரில், மற்ற இருவரும் ஜெர்மனியைச் சேர்ந்த அனிக்கா நில்ஸ் என்ற பெண் டிரம்ஸ் கலைஞரோடு 2026-ல் மேடையேறுவதாக அறிவித்தார்கள்.

## கேட்கத் தொடங்குவது எப்படி

முதலில் ‘மணி’. காசுச் சத்தத்தை மட்டும் பின்தொடருங்கள், எண்ணாதீர்கள். கிட்டார் தனி வரும்போது உடம்பு தளர்வதைக் கவனியுங்கள். அடுத்தது ‘சப்டிவிஷன்ஸ்’, நடந்துகொண்டே கேளுங்கள். முதல் அழுத்தம் எந்தக் காலில் விழுகிறது என்று பாருங்கள், அடுத்த சுற்றில் மாறியிருக்கும். கடைசியாக ‘ஒய் ஒய் ஸெட்’, தா த தா தா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. மூன்றாம் வரியில் பெரும்பாலும் தவறும். அந்த ஆறு மாத்திரை எல்லாரையும் ஏமாற்றும்.

டொராண்டோவிலிருந்து சொந்தக்காரர்கள் யாராவது ஊருக்கு வந்தால், திரும்பிப் போகும்போது அவர்கள் பெட்டியில் விமான நிறுவனம் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். அதில் அந்த மூன்று எழுத்துகள் இருக்கும். இரண்டு நெடிலில் தொடங்கி இரண்டு குறிலில் முடியும் கடைசி எழுத்து வரை சரியாகத் தட்டிக் காட்டுங்கள். அவர்களில் ஒருவராவது நிமிர்ந்து பார்க்கக்கூடும்.